பழைய ஜிப்சியில் எம்.பி.எஃப்.ஐ எஞ்சின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர் வைத்த மாருதி ஜிப்சியை வைத்திருப்பவர்கள், அதில் இஞ்செக்‌ஷன் எஞ்சினையும் (எம்.பி.எஃப்.ஐ: கணினி சொல்லும் அளவில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இஞ்செக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) அதன் கணினியையும் (ஈ.சி.யு) ஏற்ற நினைக்கும்போது கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எஞ்சினை இறக்கி ஏற்றுவதை நல்ல மெக்கானிக் யாரும் செய்துவிடுவார். பெட்ரோல் லைனும் வயரிங்கும்தான் இந்த வேலையைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். அதனால் அந்த இரண்டுக்கும் பதில் நீளமாக இருக்கும்.

என்னிடம் இருப்பது எந்த ஜிப்சி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜிப்சி 1985 டிசம்பரில் வந்தது. முதலில் வந்த எம்.ஜி.410-ல் 970 சி.சி எஃப்10ஏ எஞ்சினும் நான்கு கியர் பெட்டியும் இருந்தன. 1996-ல் வந்த ஜிப்சி கிங் (எம்.ஜி.413) 1298 சி.சி எஞ்சினும் ஐந்து கியரும் கொண்டது. அதுவும் கார்புரேட்டர்தான், 60 குதிரைத்திறன். 2000-ல் அதே 1.3 லிட்டர் குடும்பத்தின் 16 வால்வு ஜி13பிபி எஞ்சின் எம்.பி.எஃப்.ஐ-யோடு வந்தது, 80 குதிரைத்திறன். ஆர்.சி புத்தகத்தில் சி.சி-யைப் பாருங்கள், பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டருக்கு அடியில் கார்புரேட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டும் போதும்.

ராணுவ ஏலத்தில் வாங்கிய வண்டி என்றால் ஆர்.சி-யை மட்டும் நம்ப வேண்டாம். முந்தைய உரிமையாளர்கள் கையில் கிடைத்த எஞ்சினை மாட்டியிருப்பார்கள். பிளாக்கில் பொறித்த எண்ணை நேரில் படித்து, ஆர்.சி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டரை நன்றாக சர்வீஸ் செய்தால் போதாதா?

சமவெளியில் மட்டும் ஓட்டுகிறீர்கள், வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது என்றால் போதும். இதை நான் மனதாரச் சொல்கிறேன். நல்ல கார்புரேட்டரைத் தூக்கி எறிந்து, அரைகுறையாக வயரிங் செய்த இஞ்செக்‌ஷனை மாட்டுவது வண்டிக்குச் செய்யும் கெடுதல்.

மலையில் ஓட்டுபவர்களுக்குக் கதை வேறு. கார்புரேட்டரில் ஃப்ளோட் அறை இருக்கிறது. அதில் பெட்ரோல் ஒரு மட்டத்தில் நின்றால்தான் ஜெட் வழியாகச் சரியான அளவு போகும். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதோ ஒரு பக்கம் சாயும்போதோ அந்த மட்டம் மாறுகிறது. ஒன்று பெட்ரோல் வழிந்து எஞ்சின் மூச்சுத் திணறும், இல்லையென்றால் வறண்டு அணைந்துவிடும். பாறையில் முன்சக்கரம் ஏறிய நிலையில் எஞ்சின் அணைவது எவ்வளவு ஆபத்து என்று ஜிப்சிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இஞ்செக்‌ஷனில் ஃப்ளோட் அறையே கிடையாது. பெட்ரோல் அழுத்தத்தோடு இஞ்செக்டர் வாசல் வரை வந்து நிற்கிறது.

அடுத்தது உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் அங்கே 77 அளவுக்கு இறங்கிவிடும். மேட்டுப்பாளையத்தில் சரியாக டியூன் செய்த கார்புரேட்டர் மேலே போனதும் காற்றுக்கு அதிகமாகப் பெட்ரோல் ஊற்றும்: கரும்புகை, கறுத்த பிளக், செத்த பிக்கப். ஜி13பிபி-யில் இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கிறது. கணினி அந்த அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், எஞ்சின் வேகம் ஆகியவற்றைக் கொண்டு எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்கிட்டு, இஞ்செக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. உயரத்தில் காற்று குறைவதால் பவர் குறையத்தான் செய்யும், அதற்கு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் கலவை கெடாது.

இன்னொரு லாபம் ஐடிலிங். லோ ரேஞ்சில் (மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் தாழ் கியரில்) கிளட்சை விட்டு வண்டியை ஊர விடும்போது எஞ்சின் வேகம் சரிந்தால் ஐடில் வால்வு திறந்து அதைத் தூக்கிவிடும். ஓட்டிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

எந்த எஞ்சினை எடுப்பது?

ஜிப்சியிலிருந்தே எடுத்த ஜி13பிபி. முடிந்தவரை வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

மாருதி எஸ்டீம் காரில் வந்ததும் அதே குடும்பம்தான், அதிகமாகவும் கிடைக்கும். ஆனால் எஸ்டீமில் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், ஜிப்சியில் நெடுக்காக. அதனால் ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), அதற்குள் இருக்கும் ஆயில் உறிஞ்சும் குழாய், எஞ்சின் மவுண்டுகள், ஃப்ளைவீல், கிளட்ச், தண்ணீர் வெளியேறும் ஹவுசிங், ஆக்சிலேட்டர் கேபிள், சைலன்சரின் முன்குழாய் என்று ஒவ்வொன்றையும் ஜிப்சிக்கு உரியதாக மாற்ற வேண்டும். எஸ்டீம் சம்ப்பை அப்படியே விட்டுவிட்டு முன் ஆக்சிலில் இடிக்கிறது என்று தட்டி நெளிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். சம்ப்பின் ஆழமும் உறிஞ்சு குழாயின் நீளமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், இல்லையென்றால் ஏற்றத்தில் ஆயில் பிரஷர் போய்விடும்.

பழைய பலேனோவின் 1.6 லிட்டர் ஜி16பி எஞ்சினையும் சிலர் ஏற்றுகிறார்கள். இழுவை அருமையாக இருக்கும். ஆனால் அதன் பிளாக் உயரமானது, மவுண்ட் வேலை கூடும், ஆர்.சி-யில் சி.சி மாறும். முதல் முறை செய்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எங்கே வாங்குவது? என்னென்ன சேர்த்து வாங்க வேண்டும்?

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம், அல்லது விபத்தில் போன முழு வண்டியையே வாங்கலாம். என் ஓட்டு முழு வண்டிக்குத்தான். எஞ்சின் ஒரு கடையில், கணினி இன்னொரு கடையில், வயரிங் மூன்றாவது கடையில் என்று சேர்த்தால், ஒன்றின் கனெக்டர் மற்றொன்றில் ஏறாது. ஏறினாலும் பின் வரிசை மாறியிருக்கும். எம்.பி.எஃப்.ஐ ஜிப்சி 2000 முதல் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதி ஏற ஏறக் கணினியும் சென்சார்களும் மாறிக்கொண்டே வந்தன. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆகவே எஞ்சின், ஈ.சி.யு, வெட்டுப்படாத முழு எஞ்சின் வயரிங், த்ராட்டில் பாடி, எல்லா சென்சார்களும், இக்னிஷன் காயில்கள், மெயின் ரிலேயும் பம்ப் ரிலேயும், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி, ஆக்ஸிஜன் சென்சாரோடு எக்சாஸ்ட் மேனிஃபோல்டு, பம்ப் உள்ளே இருக்கும் பெட்ரோல் டேங்க் ஆகியவற்றை ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். வயரிங்கைக் கழற்றும்போது நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். அவசரத்தில் கட்டிங் பிளேயரால் நறுக்கி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நறுக்கிய வயரிங்குக்கு நான் பாதி விலைகூடத் தர மாட்டேன்.

எஞ்சின் கொடுக்கும் வண்டியில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு) இருந்தால் அதன் சாவியும் அந்த யூனிட்டும் கூடவே வர வேண்டும். எஞ்சின் எண் எழுதிய பில், அந்தப் பழைய வண்டியின் ஆர்.சி நகல் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த எஞ்சின் வேண்டாம்.

எம்.ஜி.410-ல் நேரடியாக ஏற்ற முடியுமா?

நேரடியாக முடியாது. எஃப்10ஏ வேறு எஞ்சின் குடும்பம். அதன் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் முன்பக்கக் கூடு) ஜி வரிசை எஞ்சினில் பொருந்தாது. கிங்கின் ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்து ஏற்ற வேண்டும். முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குவதால் அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஓடும் குட்டி ஷாஃப்டின் நீளத்தை அளந்து சரிசெய்ய வேண்டியிருக்கும். 410-ன் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் கியர் விகிதம் கிங்கைவிடத் தாழ்ந்தது. மெதுவாக ஏறுபவர்களுக்கு அது வரம், அதை விற்றுவிடாதீர்கள். ரேடியேட்டரை மட்டும் 1.3-க்கு உரியதாக மாற்றிவிடுங்கள்.

கிங்கில் ஏற்றும்போது மெக்கானிக்கல் வேலை எவ்வளவு?

குறைவுதான். கியர்பாக்ஸ் அப்படியே சேரும். எஞ்சின் கீழே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல்கள், கிளட்ச் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனை உட்காரும் பைலட் பேரிங் நல்ல நிலையில் இருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பூஸ்டரின் வாக்யூம் குழாயைப் புதிய இன்டேக் மேனிஃபோல்டில் மாட்ட மறக்காதீர்கள்.

பெட்ரோல் பக்கம் என்ன மாற வேண்டும்?

ஏறக்குறைய எல்லாமே. கார்புரேட்டர் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் தள்ளும் சின்ன மெக்கானிக்கல் பம்ப் இருக்கும், அது தரும் அழுத்தம் மிகக் குறைவு. இஞ்செக்‌ஷனுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 2.5 முதல் 3 கிலோ வரை வேண்டும், ஏறக்குறைய பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. முதல் நாளே வெடிக்காமல் இருக்கலாம். சூடான எக்சாஸ்ட் பக்கத்தில் ஒரு வருடம் கழித்து வெடித்தால் வண்டியே எரிந்துபோகும். ஆகவே டேங்கிலிருந்து எஞ்சின் வரை இஞ்செக்‌ஷனுக்கென்றே செய்த ஹோஸ், அதற்கேற்ற முழு வட்ட கிளாம்ப், இஞ்செக்‌ஷன் ஃபில்டர். ரப்பரை அறுக்கும் சாதாரணத் துளையிட்ட கிளாம்ப் வேண்டாம். பழைய இரும்புக் குழாயை உள்ளே துரு இல்லையென்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிப்பவரின் வண்டியில் நான் ஏற மாட்டேன்.

பம்ப்புக்குச் சிறந்த வழி எம்.பி.எஃப்.ஐ ஜிப்சியின் டேங்கையே மாட்டுவது. பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கியிருப்பதால் குளிர்ச்சியாக இருக்கும், சத்தமும் வராது. அந்த டேங்க் கிடைக்காவிட்டால் வெளிப்புற மின்பம்ப் வைக்கலாம். ஆனால் அதை டேங்கின் அடிமட்டத்தை ஒட்டி, முடிந்தால் அதற்கும் கீழே பொருத்த வேண்டும். இந்த வகைப் பம்ப்புக்குத் தள்ளத் தெரியும், மேலே உறிஞ்சத் தெரியாது. பம்ப்புக்கு முன்னால் ஒரு வலை ஃபில்டரும் தேவை. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சாய்ந்து ஏறினால் பம்ப் காற்றை இழுக்கும், எஞ்சின் வெட்டி வெட்டி ஓடும். வெளிப்புறப் பம்ப் வைத்தவர்கள் மலைக்குப் போகும் முன் பாதி டேங்குக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனும் வேண்டும். கார்புரேட்டர் ஜிப்சியில் ஒரு மெல்லிய ரிட்டர்ன் குழாய் பெரும்பாலும் இருக்கும். அடைப்பு இல்லாமல் டேங்க் வரை ஊதிப் பார்த்துப் பயன்படுத்தலாம். எஞ்சினில் ஒட்டியிருந்த பழைய மெக்கானிக்கல் பம்ப்பைத் தேடாதீர்கள், 16 வால்வு ஹெட்டில் அதற்கு இடமே இல்லை.

வயரிங்கை எப்படிச் செய்வது? ஜிப்சியின் பழைய வயரிங்கை முழுக்கக் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். லைட், ஹாரன், வைப்பர் வயரிங் அப்படியே இருக்கட்டும். எஞ்சின் வயரிங் தனி உலகம். அதற்கும் வண்டிக்கும் நடுவில் சில இணைப்புகள் மட்டும்தான். அவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தால் பயப்பட ஒன்றுமில்லை.

சாவி எடுத்தாலும் போகாத நேரடி பேட்டரி மின்சாரம் ஒன்று, அது கணினியின் நினைவுக்கு. சாவி ஆன் செய்ததும் வரும் மின்சாரம் ஒன்று. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்: செல்ஃப் அடிக்கும்போதும் அந்த வயரில் மின்சாரம் இருக்க வேண்டும். சாவியில் சில முனைகள் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் அணைந்துவிடும். அந்த முனையில் கொடுத்தால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. மல்டிமீட்டரை வைத்து ஒருவர் பார்க்க, இன்னொருவர் செல்ஃப் அடித்துச் சோதியுங்கள். அப்புறம் செல்ஃப் அடிக்கிறோம் என்று கணினிக்குச் சொல்லும் வயர், பம்ப் ரிலேயிலிருந்து டேங்க்குக்குப் போகும் வயர், டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்குக்கான வயர், வேக சென்சார் வயர்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணினியின் எர்த் வயர்கள் எஞ்சினில் எந்த இடத்தில் போல்ட் செய்யப்பட்டிருந்தனவோ அங்கேயே, பெயின்ட்டும் துருவும் சுரண்டிய உலோகத்தில் இறுக்க வேண்டும். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும், எஞ்சினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் தடித்த கேபிள் போடுங்கள். சென்சார்களின் எர்த் வேறு, அது கணினிக்குள்ளேயே திரும்பிப் போகும். அதை எடுத்து பாடியில் முறுக்கிவிட்டால் மேப் சென்சாரும் த்ராட்டில் சென்சாரும் பொய் சொல்ல ஆரம்பிக்கும். காரணமில்லாமல் வருவதுபோலத் தெரியும் தடுமாற்றங்களில் பெரும்பாலானவற்றை நான் எர்த்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ரெசிஸ்டர் வகை ஸ்பார்க் பிளக்கையே போடுங்கள், இல்லையென்றால் தீப்பொறியின் மின் இரைச்சல் கணினியைக் குழப்பும். ஒட்டு போடும் இடங்களில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். பாடியில் வெல்டிங் செய்வதானால் பேட்டரி, கணினி இரண்டையும் கழற்றிவிட்டுத்தான்.

வேக சென்சாரை மாட்டாமல் விட்டாலும் வண்டி ஓடும். ஆனால் பிரேக் பிடித்து நிற்கும்போது ஐடில் விழுவது போன்ற சில்லறைத் தொந்தரவுகள் வரும். பல சுசுகி வண்டிகளில் அது ஸ்பீடோமீட்டருக்குள்ளேயே ரீட் சுவிட்சாக (காந்தம் அருகே வரும்போது மூடும் சின்ன சுவிட்ச்) இருக்கும். ஆகவே கொடுக்கும் வண்டியின் மீட்டரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியை எங்கே வைப்பது?

கேபினுக்குள், டேஷ்போர்டுக்கு அடியில், எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே. எஞ்சின் அறையில் வேண்டாம். கனெக்டர் கீழ்நோக்கி இருக்கட்டும், வயர் வழியாக வழியும் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆற்றைக் கடப்பவர்கள் வயரிங் ஃபயர்வாலை (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) துளைக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் வைத்து அடைக்க வேண்டும்.

வெயில் ஊர், தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா?

கூடாது. இந்த எஞ்சினில் கண்டிப்பாகக் கூடாது. கணினிக்கு எஞ்சின் சூடாகிவிட்டது என்று தெரிய வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். எஞ்சின் இன்னும் காலையில்தான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். வண்டி சூடானால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஃபேனைப் பாருங்கள். இன்னொன்று: கணினிக்கு ஒரு வெப்ப சென்சார், டேஷ்போர்டு முள்ளுக்கு வேறொன்று. இரண்டும் இருக்க வேண்டும்.

எல்லாம் மாட்டியாயிற்று, ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

காதிலிருந்து. சாவியை ஆன் செய்ததும் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் மெயின் ரிலே, பம்ப் ரிலே, ஃபியூஸ், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லையா? கணினிக்கே மின்சாரம் போகவில்லை. பம்ப் ஓடுகிறது, தீப்பொறி வரவில்லை என்றால் கேம்ஷாஃப்ட் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் கேம் சென்சாரையும் அதன் கனெக்டரையும் சோதியுங்கள், அந்தச் சிக்னல் இல்லாமல் கணினிக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியாது. தீப்பொறியும் பெட்ரோலும் இருந்தும் கரும்புகையோடு தடுமாறுகிறதா? மேப் சென்சாருக்குப் போகும் வாக்யூம் குழாய் கழன்றிருக்கலாம்.

பழைய சுசுகி கணினிகளில் சோதனை முனையை எர்த் செய்தால் செக் எஞ்சின் விளக்கு எண்களாக மினுக்கும். 12 என்றால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை. 24 என்றால் வேக சென்சார். பிந்தைய வண்டிகளில் ஓ.பி.டி (கோளாறு படிக்கும்) சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டிப் படிக்கலாம்.

மெகாஸ்குவர்ட் போன்ற தனிக் கணினி வைத்தால் இந்தத் தொல்லை இருக்காதே?

வயரிங் தொல்லை குறையாது, டியூனிங் தொல்லை கூடும். கம்பெனிக் கணினியில் குளிர் ஸ்டார்ட், உயரம், வெயில் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். தனிக் கணினியில் அதையெல்லாம் வைட்பேண்ட் சென்சார் (காற்று, பெட்ரோல் கலவையைத் துல்லியமாக அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்) வைத்து நீங்கள் உருவாக்க வேண்டும். எஞ்சினையே பெரிதாக மாற்றியவர்களுக்கு அது சரி. சாதாரண ஜி13பிபி-க்குத் தேவையில்லை.

இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

எத்தனாலில் ஆற்றல் குறைவு, அதனால் எஞ்சினுக்குச் சற்று அதிகப் பெட்ரோல் வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் வேலை செய்தால் கணினி ஓரளவு ஈடுகட்டிவிடும், கார்புரேட்டரால் அது முடியாது. கவலைப்பட வேண்டியது பழைய ரப்பரைப் பற்றித்தான். ஹோஸ், ஓ-ரிங், இஞ்செக்டர் சீல் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் புதிய பொருளாகப் போட்டுவிடுங்கள்.

ஆர்.டி.ஓ விஷயம்?

எஞ்சினை வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி எஞ்சின் மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். உற்பத்தியாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. கிங்கில் அதே கம்பெனியின் அதே சி.சி எஞ்சினை ஏற்றுவதற்கும், 970 சி.சி வண்டியில் 1.3-ஐ ஏற்றுவதற்கும் அதிகாரி முன்னால் பெரிய வித்தியாசம் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். புதிய எஞ்சின் எண் ஆர்.சி-யில் ஏறியதும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி எடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும் நாளில், இந்த அனுமதித் தாள் இல்லாமல் நின்றால் வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

காட்டுக்குள் நின்றுவிட்டால்? கார்புரேட்டரை ஸ்க்ரூடிரைவர் வைத்தே சரிசெய்துவிடுவோமே.

உண்மைதான், அந்த வசதி போய்விடும். பேட்டரி முழுக்க இறந்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டம், ஏனென்றால் பம்ப்பும் கணினியும் மின்சாரம் இல்லாமல் எழுந்திருக்காது. ஆகவே நல்ல பேட்டரி, ஜம்பர் கேபிள், இரண்டு ரிலே, ஃபியூஸ்கள், வேலை செய்வதாக மாட்டிப் பார்த்த ஒரு கேம் சென்சார், ஒரு மீட்டர் இஞ்செக்‌ஷன் ஹோஸ், நான்கு கிளாம்ப், மல்டிமீட்டர் ஆகியவற்றை ஒரு பெட்டியில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். பம்ப் ரிலேயில் எந்த இரண்டு முனைகளை இணைத்தால் பம்ப் நேரடியாக ஓடும் என்று வீட்டிலேயே கண்டுபிடித்து, ரிலே மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். வண்டியை இரவல் கொண்டுபோகிறவருக்கும் அது உதவும்.